மலையில் மரம் வெட்டும் முன்: எல்லைக்கல், அனுமதி, பக்கத்து வீடு

ஊட்டியோ குன்னூரோ கூடலூரோ கொடைக்கானலோ, மரச்சண்டை பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறது. "என் பட்டா நிலத்துல நிக்கிற மரத்தை வெட்ட நான் யாரைக் கேக்கணும்?" பக்கத்து வீட்டுக்காரர் தரப்பில் இதற்கு இணையாக இன்னொரு கேள்வி உண்டு. "அந்த மரம் என் வீட்டு மேல விழுந்தா யாரு பொறுப்பு?" இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இருவரும் இவற்றை ஒருவரையொருவர் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதில் சொல்ல வேண்டிய அலுவலகத்துக்குப் போவதற்குள் தென்மேற்குக் காற்று வந்துவிடும்.

முதல் கேள்விக்குப் பதில்: கேட்டே ஆக வேண்டும். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், அரசு அறிவிக்கை செய்த மலைப்பகுதிகளில் தனியார் நிலத்து மரத்துக்கும் பொருந்தும். வெட்டுவது மட்டுமல்ல, வேரோடு பிடுங்குவது, எரிப்பது, வேறு எந்த வகையிலாவது அழிப்பது எல்லாமே அனுமதியில்லாமல் செய்யக் கூடாதவை. அனுமதி தருவது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு. இதோடு 1949-இன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. உங்கள் நிலம் அந்தச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட தனியார் காடாக இருந்தால் பாதை இன்னும் குறுகலாகிவிடும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜென்ம நிலங்கள், அதாவது முன்பு ஜென்மி என்ற நிலவுடைமையாளர் கையில் இருந்த நிலங்கள் வேறு. 1969-இன் ஜென்ம ஒழிப்புச் சட்டத்தில் தோட்டக் குத்தகை பற்றிய 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலத்தில் குடியிருப்பவர்கள், மரத்தைப் பற்றி யோசிக்கும் முன் நிலத்தின் நிலைமை என்ன என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நாட்டின் காடு பற்றிய சட்டத்தையே திருப்பிப் போட்ட கோதவர்மன் வழக்கு 1995-இல் கூடலூர்க் காடுகளை முன்வைத்துத்தான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பதிவேட்டில் என்ன பெயர் இருந்தாலும் காடு என்றால் காடுதான் என்று 1996 டிசம்பர் 12-ஆம் தேதி வந்த உத்தரவின் நிழல் அந்தப் பகுதியில் இன்றும் ஒவ்வொரு விண்ணப்பத்தின் மேலும் விழுகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கும் ஆட்சேபணையில்லாக் கடிதம் அனுமதி ஆகாது. இந்த ஒரு தவறால் வழக்கு வாங்கியவர்கள் ஏராளம். இரண்டு வீட்டாரும் ஒத்துப்போய், செலவைப் பங்கு போட்டு மரத்தைச் சாய்த்தால், வனத்துறை இருவர் பெயரையும் எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான்.

சரி, மரம் யாருடையது? அடிமரம் மண்ணைத் தொடும் இடம் எந்த நிலத்தில் இருக்கிறதோ அந்த நிலத்துக்காரருடையது. கிளை எங்கே நீண்டாலும் வேர் எங்கே ஓடினாலும் இது மாறாது. அடிமரமே எல்லைக்கோட்டின் மேல் நின்றால் இருவருக்கும் பொது. ஒருவர் விருப்பத்துக்கு மட்டும் அதில் கை வைக்க முடியாது. மலையில் இது பெரிய தலைவலி. ஏனென்றால் நிறைய இடங்களில் சைப்ரஸ், சில்வர் ஓக் மரங்களை வேலிக்காகவே எல்லையில் வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஐம்பது வருடத்தில் வேலிச்செடி மூன்றடி விட்டமுள்ள மரமாகிவிட்டது. நட்டவரும் போய்விட்டார், எல்லைக்கல்லும் மண்சரிவில் புதைந்துவிட்டது.

இந்த நிலையில் கயிறு பிடித்து நீங்களே அளப்பதில் பயனில்லை. சரிவான நிலத்தில் தரையோடு ஒட்டி நாடா பிடித்தால் அளவு கூடும். சர்வே வரைபடத்தில் இருப்பது கிடைமட்ட அளவு. முப்பது டிகிரி சரிவில் தரையோடு 20 மீட்டர் அளந்தால் கிடைமட்டத்தில் அது 17.3 மீட்டர்தான். கிட்டத்தட்ட மூன்று மீட்டர் வித்தியாசம்! ஒரு மரமே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். பட்டா, புல வரைபடம், நகராட்சிப் பகுதியாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றை எடுத்துவைத்துக்கொண்டு, எஃப்-லைன் என்று சொல்லப்படும் எல்லை அளவீட்டு மனுவுக்குக் கட்டணம் கட்டி சர்வேயரை வரவழையுங்கள். அவர் அளக்கும்போது பக்கத்து நிலத்துக்காரரும் இருக்க வேண்டும். வராவிட்டால், அழைத்ததற்கான எழுத்தாவது இருக்க வேண்டும். கல் நட்டதும் மரத்தையும் கல்லையும் ஒரே படத்தில் எடுத்துவைப்பது நல்லது.

இனி, எது வழக்காகும் எது ஆகாது என்று பார்ப்போம். மலையில் வரும் புகார்களில் பாதி நிழலைப் பற்றியது. கேத்தி பள்ளத்தாக்கிலும் மன்னவனூர்ப் பக்கத்திலும் கேரட், பூண்டு போடுகிறவருக்கு, மேல்நிலத்தில் நிற்கும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) காலை வெயிலை மறைத்தால் உண்மையிலேயே மகசூல் குறையும். ஆனால் திறந்த விளைநிலத்துக்கு வெயில் வர வேண்டும் என்று கேட்கும் உரிமை 1882-இன் வசதியுரிமைச் சட்டத்தில் இல்லை. இருபது ஆண்டு தடையில்லாமல் வெளிச்சமும் காற்றும் அனுபவித்துவந்த கட்டடத்துக்கு உண்டு, பாத்திக்கு இல்லை. மலைக்காட்சி மறைகிறது என்ற புகாருக்கும் சட்டத்தில் இடமில்லை. இவற்றைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். "அண்ணே, கீழ ரெண்டு கிளையை எடுத்துட்டா எனக்கு ஒன்பது மணி வெயில் வந்துடும், கூலியை நான் குடுத்துடறேன்" என்று கேட்டு வாங்குகிறவர்தான் புத்திசாலி.

எல்லை தாண்டித் தொங்கும் கிளையை உங்கள் எல்லை வரை வெட்டிக்கொள்ளலாம் என்பது நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கும் நிலை. அந்தக் கோட்டைத் தாண்டிக் கத்தி போகக் கூடாது, மரத்துக்காரர் நிலத்துக்குள் அனுமதியின்றி ஏறக் கூடாது, வெட்டிய விறகும் அவருடையது. மலையில் இன்னொரு கட்டுப்பாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிளை கழிக்கிறோம் என்று ஒரு பக்கத்தை மொத்தமாக வழித்துவிட்டால், அது மரத்தை அழித்ததாகவே பார்க்கப்படலாம். அதைவிட மோசமானது, மரத்தின் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, இல்லாத ஆபத்தை நாமே உண்டாக்குவது. மணிக்கட்டு கனத்துக்கு மேற்பட்ட கிளைகள் பல இருந்தால், வன அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்துவிட்டே கத்தியை எடுங்கள். கிளையில் கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை காத்திருங்கள். காட்டுப்பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பது 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குச் சமம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மலையில் மரம் விழுவதற்கு மரம் மட்டும் காரணமாக இருப்பது அபூர்வம். மண்வெட்டுதான் பெரும்பாலும் காரணம். கீழ்வீட்டுக்காரர் மனையைச் சமன்படுத்த மேல்பக்கச் சரிவைச் செங்குத்தாக வெட்டுகிறார். மேல்நிலத்து மரம் வெட்டின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. வேர்கள் பாதி அறுந்துவிட்டன. இரண்டு மழைக்காலம் தாங்கும். மூன்றாவதில் அவரே "மேல்வீட்டு மரம் ஆபத்தாக இருக்கிறது" என்று மனு கொடுப்பார். மேல்வீட்டுக்காரர் மரம் நன்றாகத்தான் இருக்கிறது என்பார். இருவர் சொல்வதிலும் பொய் இல்லை, ஆனால் இருவருமே வேரைப் பார்க்கவில்லை.

கணக்கு எளிது. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவால் மரத்தின் சுற்றளவை எடுங்கள். சரிவில் நிற்கும் மரமானால் மேல்பக்கத் தரையிலிருந்து உயரத்தைக் கணக்கிட வேண்டும். சுற்றளவு 190 சென்டிமீட்டர் என்றால் 3.14-ஆல் வகுக்க விட்டம் ஏறத்தாழ 60. இந்த விட்டத்தின் மூன்று மடங்கு, அதாவது 1.8 மீட்டருக்குள் வேரை வெட்டினால் மரத்தின் பிடிமானமே போகும். ஐந்து மடங்கு, 3 மீட்டர், தள்ளியிருந்தால்தான் ஓரளவு நிம்மதி. தடுப்புச்சுவருக்கு வாணம் தோண்டுகிறவர்கள் இந்த எண்ணை மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அனுமதி வாங்காமல் ஜேசிபி இறக்குவது நீலகிரியில் தனியே ஒரு குற்றம். அதற்கும் மரத்துக்கும் சேர்த்து மாட்டிக்கொள்ளும் நிலை வரும். மேல்நிலத்துக்காரர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கீழே மண் வெட்டத் தொடங்கிய அன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து, வட்டாட்சியருக்கும் உள்ளாட்சிக்கும் ஒரு பக்க மனு அனுப்ப வேண்டும். பின்னால் மரம் விழுந்து இழப்பீடு கேட்டு வழக்கு வந்தால், வேரை அறுத்தது யார் என்பதற்கு அந்த ஒரு பக்கம்தான் பேசும்.

மரம் ஆபத்தானதா என்பதை வெறும் பயத்தால் முடிவு செய்ய முடியாது. உயரமாக இருப்பது ஆபத்து அல்ல. சாய்ந்திருப்பது எல்லாம் ஆபத்தும் அல்ல. சரிவில் வளர்ந்த மரம் அடியில் வளைந்து, பிறகு மேலே நிமிர்ந்திருந்தால் அது பழைய சாய்வு. அதற்கேற்ப வேரும் வளர்ந்திருக்கும். அடிமுதல் நுனிவரை ஒரே கோடாகச் சாய்ந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்தோ மேடிட்டோ இருந்தால் அது புதிய சாய்வு, உடனே அலுவலகத்துக்கு ஓட வேண்டிய சாய்வு. சந்தேகம் இருந்தால் கொத்தனாரின் தூக்குக்குண்டை எடுங்கள். மரத்தில் இரண்டு மீட்டர் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, குண்டு காட்டும் இடத்தில் தரையில் ஒரு முளை அடியுங்கள். காற்றில்லாத காலையில் வாரம் ஒருமுறை பாருங்கள். குண்டு முளையை விட்டு நகர்ந்திருந்தால் படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். கோட்டாட்சியர் முன்னால் வாதத்தைவிட இந்தப் படம் செல்லும்.

அடிமரத்தை மரச்சுத்தியலால் சுற்றித் தட்டிப் பாருங்கள். உள்ளே பொந்து இருந்தால் தம்பட்டம் மாதிரி ஒலிக்கும். பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது; சுற்றியுள்ள நல்ல மரத்தின் கனம், ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால் பொதுவாகத் தாங்கும். அடியில் தட்டுத்தட்டாகக் காளான் வந்திருந்தால் வேர் அழுகுகிறது என்று பொருள், அதை லேசாக விடக் கூடாது. இனத்தையும் பார்க்க வேண்டும். சீகை மரம் (வாட்டில்) வேர் ஆழம் இல்லாதது, ஆயுளும் குறைவு. மண் ஊறியதும் வேர்த்தட்டோடு புரளும். சில்வர் ஓக் வேரோடு விழுவதைவிட நடுவில் ஒடிவதே அதிகம். கற்பூர மரம் 1840-களில் நீலகிரிக்கு வந்தது. அது நாற்பது மீட்டருக்கு மேல் போகும், காற்றில்லாத நாளிலும் கனத்த கிளையை உதிர்க்கும். சோலை எனப்படும் மலையின் இயற்கைக் காட்டு மரங்கள் குட்டையானவை, நெருங்கி நிற்பவை, நூறு வருடக் காற்றைப் பார்த்தவை. சோலை மரத்தை ஆபத்தென்று எழுதி வரும் மனுக்களை அதிகாரிகள் சந்தேகத்தோடு பார்ப்பது எனக்குச் சரியென்றே படுகிறது.

மரத்தின் உயரம் தெரிந்தால்தான் அது உங்கள் கூரையை எட்டுமா என்று சொல்ல முடியும். கை நீளத்துக்கு ஒரு குச்சியை எடுத்துச் செங்குத்தாக நீட்டிப் பிடியுங்கள். மரத்தின் அடியும் நுனியும் குச்சியின் இரு முனைகளுக்குள் அடங்கும்வரை பின்னால் நடங்கள். நிற்கும் இடத்திலிருந்து மரம்வரை உள்ள தூரம்தான் உயரம். சரிவில் மேலேயோ கீழேயோ நடக்காமல், மரத்தின் மட்டத்திலேயே பக்கவாட்டில் நடந்தால்தான் கணக்கு ஒக்கும்.

ஆபத்து உண்மை என்று தெரிந்துவிட்டது, மரத்துக்காரர் அசையவில்லை. இங்கே பலரும் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். போலீஸ் இருவரையும் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லி அனுப்பும், மரம் அப்படியே நிற்கும். போக வேண்டியது கோட்டாட்சியர் அலுவலகம். நீலகிரியில் உதகை, குன்னூர், கூடலூர் என மூன்று கோட்டங்கள். பழனி மலையில் கொடைக்கானல் கோட்டம். விழும் நிலையில் உள்ள மரத்தால் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவருக்கோ வழியில் போகிறவருக்கோ காயம் ஏற்படக்கூடும் என்றால், அதை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ நிபந்தனை உத்தரவு போட நிர்வாக நடுவரான கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு. மனுவில் இன்னும் 133 என்றே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், மாற்றிக்கொள்ளுங்கள். உத்தரவு வந்ததும் மரத்துக்காரர் அதை நிறைவேற்ற வேண்டும், அல்லது நேரில் வந்து ஏன் கூடாது என்று சொல்ல வேண்டும். விசாரணை முடியும்வரை காத்திருக்க முடியாத அவசரம் என்றால் 161-ஆம் பிரிவில் இடைக்காலத் தடையுத்தரவும் கேட்கலாம். முறைப்படி போட்ட 152 உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்பது இந்தப் பாதையின் பலம். இலை விழுகிறது, வேர் சுவரைத் தூக்குகிறது, கழிவுநீர்க் குழாயை அடைக்கிறது போன்ற தனிப்பட்ட தொல்லைக்கு இந்தப் பிரிவு ஒத்துவராது. அதற்கு 1963-இன் குறித்தவகைத் தீர்வுச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை (இன்ஜங்ஷன்) கேட்க வேண்டும், காலம் பிடிக்கும்.

மனுவில் என்ன எழுதுவது? சர்வே எண், உட்பிரிவு எண், மரத்தின் இனம், சுற்றளவு, உயரம், உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து அடிமரம்வரை உள்ள தூரம், சாய்வு எந்தத் திசை, மண் வெடிப்பின் நீளம், அந்த வழியாகத் தினமும் எத்தனை பேர் போகிறார்கள். "எந்த நேரமும் விழலாம்" என்று மட்டும் எழுதினால் கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து "மரம் நிற்கிறது" என்று எழுதிப் போவார். "சாய்வின் எதிர்ப்பக்கம் 2.4 மீட்டர் நீளத்துக்கு நான்கு சென்டிமீட்டர் அகல வெடிப்பு, மார்ச் 3 அன்று இரண்டு சென்டிமீட்டர்தான் இருந்தது" என்று எழுதினால் அவர் நாடா எடுத்துவர வேண்டியிருக்கும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் நகல் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாவட்ட வன அலுவலருக்கும் ஒன்று. மரத்துக்காரருக்கு ஒப்புகையுடன் தபாலில் ஒன்று, அதை மட்டும் மறக்கவே வேண்டாம். ஆபத்து தெரிந்தும் சும்மா இருந்தார் என்று நிரூபிக்க முடிந்தால்தான் பின்னால் இழப்பீடு நிற்கும். புயலில் நல்ல மரம் விழுந்தால் அது வேறு கதை. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலில் சாய்த்த மரங்களில் நல்ல மரங்களும் இருந்தன. அவற்றுக்கு யாரைக் குற்றம் சொல்வது?

மரம் நிற்பது புறம்போக்கிலோ சாலையோரத்திலோ என்றால் எதிராளி பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. வருவாய்த் துறையோ நெடுஞ்சாலையோ நகராட்சியோதான். அனுமதி கிடைத்தாலும் விறகு உங்களுக்கு வராது. மின்கம்பியைத் தொடும் கிளைக்கு மின்வாரியத்தின் மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழையுங்கள். கம்பிக்கு ஒன்றரை ஆள் தூரத்தில் நின்றுகூட நீங்களே கொக்கி போட்டு இழுக்கக் கூடாது. பச்சைக் கிளையில் மின்சாரம் ஓடும்.

மரத்துக்காரரே வெட்ட நினைத்தால் அவருடைய பாதை வனத்துறை வழியாக ஆட்சியர் குழுவுக்குப் போகிறது. விண்ணப்பத்தோடு பட்டா, சிட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று, கூட்டுப்பட்டா என்றால் மற்றவர்களின் ஒப்புதல், மரங்களின் பட்டியல், மரங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் கைவரைபடம், படங்கள். பட்டியலில் ஒவ்வொரு மரத்துக்கும் எண், இனம், சுற்றளவு, உயரம், வெட்டும் காரணம். கூட்டுப்பட்டாவில் ஒரு சகோதரர் கையெழுத்து குறைந்தாலும் கோப்பு அங்கேயே படுத்துக்கொள்ளும். தாமதத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. வனவர் அல்லது வனச்சரகர் நேரில் வந்து அளந்து எண்ணிடுவார். எண்ணிட்ட மரத்தை மட்டும், உத்தரவில் சொன்ன காலத்துக்குள் மட்டும் வெட்ட வேண்டும். பக்கத்தில் நிற்கும் எண்ணில்லாத மரத்தைச் "சும்மா கூடவே" சாய்ப்பதுதான் அனுமதி வாங்கியவரும் குற்றவாளி ஆகும் வழி. சந்தனத்துக்குத் தனி விதிகள் உண்டு. ஈட்டி (தோதகத்தி) மரத்துக்கு என்றே 1994-இன் தனிச்சட்டம் ஒன்று இருந்தது, இப்போதைய நிலையை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் உங்கள் பட்டியலில் இருந்தால் மற்ற மரங்களோடு சேர்க்காமல் தனியே கேளுங்கள்.

காலத்தைப் பார்த்து விண்ணப்பியுங்கள். கூடலூர், உதகை மேற்குப்பக்கம் தென்மேற்குப் பருவமழைக்காரர்கள். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8-இல் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. இவர்கள் ஜனவரியிலேயே மனுவைக் கொடுத்து ஏப்ரலுக்குள் வேலையை முடிக்கப் பார்க்க வேண்டும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் மேல்மலை கீழ்மலை எல்லாம் வடகிழக்கை நம்பியவை. அவர்களுக்கு ஜூலைவரை கூடுதல் நேரம் இருக்கிறது, ஆனால் ஜூன், ஜூலை காற்றில் ஆளை மரத்தில் ஏற்ற முடியாது.

வெட்டும்போது செய்யும் பிழைகள்தான் அடுத்த வழக்கு. வீட்டுக்கு அருகில் மரத்தை அடியோடு சாய்க்க முயலாதீர்கள். மேலிருந்து துண்டு துண்டாக, கயிறு கட்டி இறக்க வேண்டும். திறந்த இடத்தில் முழுதாகச் சாய்ப்பதானால், விழ வேண்டிய பக்கத்தில் விட்டத்தில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்றுவரை ஆழமாக ஆப்பு வாய் எடுக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் மரத்துக்கு 12 முதல் 15. பின்வெட்டு அந்த வாயின் அடிக்குச் சற்று மேலே வரட்டும். இரண்டுக்கும் நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, 6 சென்டிமீட்டர், அறுக்காமல் விட வேண்டும். மரத்தைத் திசைதிருப்பாமல் இறக்கும் கீல் அதுதான். அதையும் சேர்த்து அறுத்தால் மரம் தன் விருப்பத்துக்கு விழும். முன்பக்கம் அதிகம் சாய்ந்த கற்பூர மரத்தில் பின்வெட்டு பாதி போகும்போதே மரம் நெடுக்காகப் பிளந்து, பின்னால் நிற்பவர் மேல் எகிறும். பவர் சா பிடிப்பவர் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும், மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது. அறுப்பவர் விலகி ஓடும் வழி, மரம் விழும் திசைக்கு நேர் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் சாய்வாகச் சுத்தம் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

சரிவில் மறக்கப்படுவது எடை. அதே 60 சென்டிமீட்டர் விட்டப் பச்சைக் கற்பூரத்தில் மூன்று மீட்டர்த் துண்டு கிட்டத்தட்ட 850 கிலோ. உருண்டால் கீழ்வீட்டுச் சமையலறைச் சுவரில்தான் நிற்கும். ஒவ்வொரு துண்டையும் அறுக்கும் முன்பே கீழ்ப்பக்கம் இரண்டு முளை அடித்துவிட்டு அறுக்கச் சொல்லுங்கள். கீழ்வீட்டாரை அன்று ஒரு நாள் வேறு வீட்டில் இருக்கச் சொல்லி, அதற்கான செலவை நீங்களே ஏற்பது நல்ல வழக்கம்.

கட்டை வாங்க வருகிறவர் பேசும் கன அளவை நீங்களும் போட்டுப் பாருங்கள். நடுச்சுற்றளவில் கால்பங்கை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது வழக்கம். 1.9 மீட்டர் சுற்றளவில் கால்பங்கு 0.475, ஆறு மீட்டர்க் கட்டைக்கு 1.35 கன மீட்டர் வரும். இந்த முறையே உருளையின் உண்மைக் கன அளவைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல் குறைத்துத்தான் காட்டும். அதற்கு மேலும் "பட்டைக்கழிவு" என்று குறைக்க வந்தால் விலையில் சரிக்கட்டுங்கள். லாரி ஏற்றுமுன் 1968-இன் மரப் போக்குவரத்து விதிகளின்படி டிரான்சிட் பாஸ் வேண்டுமா என்று சரகர் அலுவலகத்தில் கேட்டு முடித்துக்கொள்ள வேண்டும். வெட்ட வாங்கிய அனுமதி கொண்டுபோகவும் செல்லும் என்ற எண்ணத்தில் ஏற்றிய லாரிகள் செக்போஸ்ட்டில் நிற்கும்.

அடிக்கட்டையைத் தோண்டாதீர்கள். வெட்டியதும் இடம் சுத்தமாக வேண்டும் என்று வேரைப் பறிக்கச் சொல்கிறவர்கள், அந்த மழைக்காலத்திலேயே மண்ணைக் கீழ்வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரு முழம் உயரத்துக்குக் கட்டையை விட்டுவிடுங்கள். செத்த வேரும் மூன்று நான்கு வருடம் மண்ணைப் பிடித்திருக்கும். அதற்குள் புது வேர் இறங்கிவிட வேண்டும். ஆகையால் அனுமதி உத்தரவில் மாற்று மரம் நடச் சொன்னதை முதல் மழையிலேயே செய்யுங்கள், மூன்றாம் வருடம் வரை தள்ளாதீர்கள். கற்பூரக் கட்டை துளிர்க்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துளிரை ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சீகை வெட்டிய இடத்தில் சருகுக்குத் தீ வைத்தால் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் விதைகள் ஒரே மழையில் முளைத்துப் புதராகும். சருகைச் சரிவுக்குக் குறுக்கே வரப்புபோல் அடுக்குங்கள், மழைநீரின் வேகமும் குறையும்.

புதிதாக நடுவதற்கு உயரமான இடங்களில் நாவல் இனங்கள், செண்பகம், காட்டுப்பூவரசு போதும். உறைபனி விழும் பள்ளத்தில் முதல் இரண்டு டிசம்பர், ஜனவரிக்கு நாற்றின் மேல் காய்ந்த புல்லால் மூடாக்குப் போட வேண்டும். கூடலூர், பண்ணைக்காடு, தாண்டிக்குடி உயரத்தில் சரிவு விளிம்புக்கு வெட்டிவேர் நன்றாகப் பிடிக்கும். ஊட்டிக் குளிரில் அது மெதுவாகவே வளரும், அங்கே உள்ளூர்ப் புல்லே மேல். பக்கத்து வீட்டுத் தடுப்புச்சுவரிலிருந்து சிறுமரத்துக்கு மூன்று மீட்டர், பெருமரத்துக்கு ஆறு மீட்டர் விட்டு நடுங்கள். குழி எடுக்கும் அன்று அந்த வீட்டாரையும் கூப்பிட்டு, எல்லைக்கல்லிலிருந்து நாடாவைக் கிடைமட்டமாகப் பிடித்து அவர் கண்ணெதிரிலேயே அளந்துவிடுங்கள்.